களிமண்ணும் கழிபொருளும்

கல்லூரி அன்னையின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தரவேண்டுமென்று பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, பழைய நினைவுகளையே எழுதலாமென முதலில் எண்ணினேன். ஆயினும் அந்நினைவுகளை என்னிலும் சுவையாக எழுத வல்லார் நம்முட் பலர் உளர். நானோ வாழ்நாளிற் பெரும்பகுதியை வீதி வேலையிலே, மண்ணோடும் கல்லோடும் கழித்தவன், பிறந்ததும் தீவகத்திலே. ஆதலின் எனக்குத் தெரிந்த மண்ணைப் பற்றியே சில சொல்லத் துணிந்தேன். விடுதியிலே என்னைத் 'தீவான்' என்று நகையாடிய நண்பர்கள் இதனைப் படித்து மீண்டும் ஒருமுறை நகைப்பாராயின், அதுவும் எனக்கு மகிழ்ச்சியே.

பண்ணைத் தாம்போதி வழியே வேலணைக்கும், அங்கிருந்து மற்றுமொரு தாம்போதி வழியே புங்குடுதீவுக்கும் செல்வோர், குறிகட்டுவான் இறங்குதுறையிற் படகேறி நயினாதீவையோ நெடுந்தீவையோ அடைவர். பெருவீதிகள் பலவும் இந்நாளில் தாரிடப்பெற்று விளங்குகின்றன. குறையெல்லாம் அவற்றினின்று பிரிந்து தரவைகளுக்கும் கடற்கரைகளுக்கும் செல்லும் ஒழுங்கைகளிலேதான். களி மிகுந்த தாழ்நிலங்களிலே கோடையில் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசி பிறந்து மாரி தொடங்கியதும் அதே தரை குழைந்து, சைக்கிளையும் உழவியந்திரத்தையும் வேற்றுமையின்றிப் பற்றிக்கொள்ளும். நோயாளியைக் கட்டிலோடு தோளிற் சுமந்து சென்று வள்ளமேற்றிய முதியோர் இன்றும் ஊரில் உளர். வீதி நன்றாயின் உயிர் தப்பும் என்பது தீவாருக்கு உவமையன்று, கண்ட உண்மை.

இக்குறைக்கு எல்லாரும் அறிந்த மருந்து கிறவல். அதுவோ குடாநாட்டிலே அரியது, வன்னியிலிருந்து வரவேண்டும். நெடுந்தீவை அடைய லொறியும் வேண்டும், படகும் வேண்டும், பணமும் வேண்டும். அவ்வாறு அரிதிற் கொணர்ந்து பரவிய கிறவலும் சில மாரிகளுள் களிக்குள் அமிழ்ந்துவிடுகின்றது. வெற்றுப் போத்தலும் பொலித்தீன் பையுமோ ஒருவரும் அழையாமலே வந்து சேருகின்றன. ஆனி மாதத்திலே நயினை நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு வரும் அடியார் கையோடு சில வருகின்றன. கடைச் சரக்கோடு சில வருகின்றன. பாக்கு நீரிணையின் அலைகள் கரையில் ஒதுக்குவன சில. வந்தவை மீண்டு செல்வதில்லை. எரித்தால் நச்சுப்புகை, புதைத்தால் உழும்போது வெளிப்படும். வேண்டுவது அரிதாகவும் வேண்டாதது மலிந்தும் உள்ள இவ்விடத்திலே, வேண்டாததைக் கொண்டு வேண்டுவதைப் பெறலாகாதா என்னும் வினா இயல்பாகவே எழுகின்றது.

விடை காணுமுன் களிமண்ணின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். களியின் துணிக்கைகள் மில்லிமீற்றரில் 500இல் ஒரு பங்கினும் சிறியவை, தகடு போன்றவை. தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையே நீர் புகுந்தால் அவை விலகி வீங்கும். நீர் நீங்கினால் சுருங்கி வெடிக்கும். அன்றியும், மண்ணுக்குப் பொதுவான குறையொன்றுண்டு. அமுக்கினால் ஓரளவு தாங்கும்; இழுத்தால் பிரிந்துவிடும். சில்லொன்று வீதியை அழுத்தும்போது அதன் கீழுள்ள மண் பக்கங்களுக்கு நழுவ முயல்கின்றது. அந்த நழுவலைத் தடுக்கும் பிடி ஒன்று மண்ணுக்குள் இருந்தால் வீதி நிலைக்கும்.

இந்தப் பிடியை நம் முன்னோர் அறிந்திருந்தனர். மண் வீட்டுக்குச் சுவர் வைப்போர் களியை மட்டும் குழைப்பதில்லை. வைக்கோலை நறுக்கிச் சேர்த்து மிதித்துக் குழைப்பர். வைக்கோல் இல்லாச் சுவர் காயும்போதே வெடித்துவிடும் என்பது எங்கள் ஊர்ப் பாட்டிமாருக்கும் தெரியும். பக்தாத் நகரை அடுத்த அகர்கூப் என்னுமிடத்திலே, மூவாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட செங்கற் கோபுரமொன்று நிற்கின்றது. அதன் மண்கற்களுக்கிடையே நாணற்பாய்கள் அடுக்கடுக்காக இடப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். இதே கருத்தைப் பிரெஞ்சுப் பொறியியலாளரான ஆன்றி விடால் 1960களில் கணக்கோடு ஆராய்ந்து, மண்ணிடையே உலோகப் பட்டைகளை இட்டு உயர்ந்த மதில்களை எழுப்பிக் காட்டினார். இன்று உலகெங்கும் வீதியோரங்களில் அத்தகைய மதில்கள் உள்ளன.

அவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டியதில்லை. போர்க்காலத்திலே நம் மக்கள் பனங்குற்றிகளையும் மண்மூட்டைகளையும் அடுக்கிப் பதுங்குகுழி அமைத்தனர். மூட்டைக்குள் இருந்தது முற்றத்து மணல். அதனைச் சிதறாமல் இறுகப் பிடித்தது வெற்று உரப்பை. நெய்த பிளாஸ்ரிக் இழையும் தளர்ந்த மண்ணும் கூடினால் என்ன வலிமை பிறக்கும் என்பதை நாம் ஏட்டிற் படித்தன்று, அதனுள் ஒடுங்கி இருந்தே அறிந்தோம். வேறொன்றும் அப்போது கண்டோம். வெயில் பட்ட பைகள் ஓரிரு கோடைகளிலே நைந்து தூளாயின. மண்ணுள் மறைந்தவை பல ஆண்டுகளின் பின் தோண்டியபோதும் அப்படியே இருந்தன. இவ்விரண்டாவது பாடத்தைப் பின்னர் நினைவுகூர்வோம்.

ஆய்வுகூடங்களும் இதனைச் சோதித்துள்ளன. அமெரிக்காவிலே பென்சன், கைர் என்னும் இருவர் கழிவாகப் பெற்ற கடின பொலித்தீனைக் கீற்றுகளாக வெட்டி மணலிற் கலந்து, மணலின் வலிமை மிகுதலை 1994இல் வெளியிட்டனர். அதன்பின் பல நாடுகளிலே போத்தற் கீற்றுகளைக் களிமண்ணிலும் கலந்து பார்த்துள்ளனர். கீற்றின் அகலம் சில மில்லிமீற்றர். நீளம் ஒன்று முதல் மூன்று நான்கு சென்ரிமீற்றர். அளவோ மிகச் சிறிது: நூறு கிலோ உலர்மண்ணுக்கு ஒரு கிலோ அளவிலேயே பெரும்பாலும் பயன் காணப்படுகின்றது. அளவு மிஞ்சினால் கீற்றோடு கீற்று உரசி வழுக்கும். மண்ணோடு மண் சேர்வதும் தடைப்படும். வலிமை ஏறுவதற்கு மாறாக இறங்கும். கழிவையெல்லாம் தள்ளிவிட வீதி ஒரு நல்ல குழி என்று எண்ணுவோர் இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

இன்னும் ஒன்று. கீற்றுகள் மண்ணைக் கட்டுமேயன்றி அதன் குணத்தை மாற்றா. வெடிப்பு விரியாமற் பிடிக்கும். ஆனால் நீரைக் கண்டால் வீங்கும் இயல்பு களியை விட்டு நீங்காது. அதனை மாற்றவல்லது சுண்ணாம்பு. சுண்ணாம்பிலுள்ள கல்சியம் களியின் தகடுகளை நெருங்கச் செய்து, நாளடைவிலே சீமெந்து போன்ற பிணைப்பையும் உண்டாக்கும். களியும் சுண்ணாம்பும் கூடினால் நிகழ்வதை அறிய நமக்கு நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. 1950இல் தொடங்கி 1990இல் ஓய்ந்த காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையிலே, குடாநாட்டுச் சுண்ணக்கல்லோடு முருங்கன் களிமண்ணே சேர்ந்தது. அங்கே சூளையின் பெருவெப்பம் செய்ததில் ஒரு சிறு பகுதியை வீதியிலே ஈரமும் காலமும் செய்கின்றன. எனவே என் கருத்து இது: பிளாஸ்ரிக் மண்ணுக்கு மருந்தன்று, நார் மட்டுமே. மருந்து சுண்ணாம்பு. இரண்டும் கூடியே தீவகத்துக் களிக்குப் பயன் தரும். அங்கும் எச்சரிக்கை வேண்டும். கடல்நீர் ஊறிய மண்ணிற் சல்பேற்று மிகுந்திருப்பின், சுண்ணாம்பே வீக்கத்துக்குக் காரணமாகிவிடும். ஆகவே மண்ணைச் சோதியாது எதனையும் கலத்தலாகாது.

இவ்விடத்திலே மயக்கம் ஒன்றைத் தீர்க்க விரும்புகின்றேன். 'பிளாஸ்ரிக் வீதி' என்றதும் பலர் நினைப்பது மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் இராசகோபாலன் வாசுதேவன் அவர்கள் கண்ட முறையை. அவர் நறுக்கிய பிளாஸ்ரிக்கைச் சூடேற்றிய சல்லியின்மீது தூவி உருகிப் படியச்செய்து, பின்னர் தாரோடு சேர்த்தார். அம்முறைக்கு இந்திய வீதிக் காங்கிரசு 2013இல் வழிகாட்டி நூல் வெளியிட்டது. பேராசிரியர் 2018இல் பத்மசிறீ விருது பெற்றார். தமிழர் பெருமைப்படத்தக்க செயல் அது. ஆயினும் அது வீதியின் மேற்றோலுக்கு உரியது; நான் கூறுவது அடிநிலத்துக்கு உரியது. அடிநிலம் இளகினால் மேற்றோல் எத்துணைச் சிறந்ததாயினும் பிளந்துவிடும்.

அடிநிலத்திலே பிளாஸ்ரிக்கை இடுவது நம் நாட்டுக்கும் புதிதன்று. 2011இல் முதற்பகுதி திறக்கப்பட்ட தெற்கு அதிவேக வீதியும், 2013இல் திறக்கப்பட்ட கொழும்பு-கட்டுநாயக்கா வீதியும் சேற்று நிலங்களைக் கடந்து செல்கின்றன. அச்சேற்றின் நீரை விரைந்து வெளியேற்ற, நிலத்துள் நெடிய பிளாஸ்ரிக் வடிபட்டைகள் செலுத்தப்பட்டன. ஆனால் அவை அளவறிந்து ஆலையிற் செய்யப்பட்டவை. கரையிற் பொறுக்கிய பை அன்று. இவ்வேறுபாடு பெரிது.

இனி, அந்த இரண்டாவது பாடம். மண்ணுள் இருக்கும்வரை பிளாஸ்ரிக் நிலைக்கும். வெயிலுக்கு வெளிப்பட்டால் தூளாகும். தூள் மழைநீரோடு கடலுக்குச் செல்லும். நெடுஞ்சாலை உள்நாட்டில் இருந்தால் கடல் தொலைவு. தீவகத்திலே ஒழுங்கை முடியுமிடமே கடல். 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கப்பல் கொழும்புக்கு அண்மையில் எரிந்து மூழ்கியபோது, ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகளை ஏற்றியிருந்தது. மேற்குக் கரை வெண்மணிகளால் மூடப்பட்டதையும், மீனவர் தொழிலிழந்து நின்றதையும் நாடே கண்டது. பெருங்கப்பல் ஒரே நாளிற் செய்ததை, நன்கு மூடப்படாத நூறு ஒழுங்கைகள் பல மாரிகளில் மெல்லச் செய்துவிடலாகாது. இறாலும் நண்டும் மீனும் விளையும் ஆழமில்லாக் கடலே எம்மவரின் வயல். வீதியைத் திருத்தி வயலைக் கெடுப்பது அறிவுடைமை ஆகாது.

ஆதலின் நான்கு வரம்புகளை முன்வைக்கின்றேன். முதலாவது, போத்தலும் சுத்தமான கடினப் பிளாஸ்ரிக்கும் மட்டுமே கொள்ளப்படுக. எண்ணெயும் மருந்தும் கிருமிநாசினியும் இருந்த கலன்கள் தள்ளப்படுக. இரண்டாவது, கலந்த படையின்மீது வெயிலும் நீரும் புகாவண்ணம் சல்லியும் தாருமோ, சீமெந்துக் கற்களோ மூடுக. மூன்றாவது, அலை ஏறும் எல்லையிலும் வெள்ளம் பாயும் மதகடியிலும் கீற்றுக் கலந்த மண் இடப்படாதிருக்க. நான்காவது, இட்ட இடம் ஊர்ச் சபையின் ஏட்டிற் பதியப்படுக. நாளை தோண்டுவோன் அங்கே என்ன இருக்கின்றதென அறிதல் வேண்டும்.

இவ்வரம்புகளுக்குள் செய்து பார்க்க ஒரு வழியும் உண்டு. ஒரே ஒழுங்கையிலே இருபது மீற்றர் வீதம் மூன்று துண்டுகள் அமைக்கலாம். முதலாவது வெறுங்களி; இரண்டாவது களியும் சுண்ணாம்பும்; மூன்றாவது களியும் சுண்ணாம்பும் கீற்றும். மூன்றின் மண்ணையும் அச்சுகளில் இடித்து நான்கு நாள் நீரில் ஊறவைத்து, முளையொன்றை அழுத்தித் தாங்குவலு அளத்தல் வேண்டும். கலிபோர்னியாவிலே 1920களின் இறுதியில் வகுத்த இம்முறையை இன்றும் உலகம் கைக்கொள்கின்றது. நான்கு நாள் ஊறல் நம் மாரிக்கு ஒரு சிறு ஒத்திகை. கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் 2014 முதல் இயங்குகின்றது. நம் கல்லூரிப் பிள்ளைகள் பலரும் அங்கே கற்கின்றனர். பயிற்சியும் கருவியும் அங்கே உள. மண்ணும் போத்தலும் தீவகத்தில் உள.

மாணவத் தம்பிகளே, மேற்கூறிய மூன்று துண்டுகளை யாரேனும் இட்டால், இரண்டு மாரி கழியும்வரை பொறுத்திருந்து, நடந்து பார்த்து, அளந்து எழுதுக. மூன்றாவது துண்டு இரண்டாவதிலும் சிறந்ததாயின், எவ்வளவு சிறந்தது என எழுதுக. சிறவாதாயின் அதனையும் ஒளியாது எழுதுக. வெறும் சுண்ணாம்பே போதுமென்று தெரிய வந்தால் கீற்றை விட்டுவிடுவதில் இழுக்கொன்றுமில்லை. போத்தலுக்கு வேறு வழி தேடுவோம். எம்முடைய காலத்திலே களியைச் சபித்துக்கொண்டே கிறவல் இட்டோம். அதனை அளந்து அறியும் வாய்ப்பு உங்கள் காலத்துக்கு வாய்த்திருக்கின்றது. அடுத்த விழா மலரிலே நெடுந்தீவு ஒழுங்கை ஒன்றின் அளவைகளைக் காணும் பேறு எமக்குக் கிட்டுமாக. கல்லூரி அன்னை நீடு வாழ்க!