புள்ளி வைத்த கேள்விகள்

4 ஏப்ரல் 2025, வெள்ளி

பிளஸ் டூ தேர்வு முடிந்து பத்து நாள். உத்தமபாளையத்தில் எங்கள் பள்ளி மாடியறையில் இன்று முதல் முழு மாதிரித் தேர்வு வைத்தோம். பத்தொன்பது பேர் வந்தார்கள். நீட் நடக்கும் அதே நேரம், மதியம் 2 முதல் 5 வரை. நாலு மின்விசிறியில் ஒன்று சுற்றவில்லை. அதன் கீழே உட்கார யாரும் தயாராயில்லை.

கேள்வித்தாள் கையில் போவதற்கு முன்னால் வேறொரு தாமதம். நீட் விலக்கு மசோதாவுக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தரவில்லை என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்த செய்தி பிள்ளைகள் போனில் வந்திருந்தது. 2021 செப்டம்பரில் நிறைவேறி, ஆளுநரிடமிருந்து திரும்பி, 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேறிய மசோதா. "அப்ப நெசமாவே எழுதணுமா டீச்சர்?" என்று பின்பெஞ்சிலிருந்து ஒருவன். மே 4-க்கு ஹால் டிக்கெட் எடுக்கப் போகிறவன் கேட்கும் கேள்வியா என்று மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு வருஷமாக ஒவ்வொரு செட்டும் ஒரு காதைச் செய்தியில் வைத்துக்கொண்டுதான் படிக்கிறது.

இந்த வருஷம் இன்னொரு மாற்றம். 2021 முதல் போன வருஷம் வரை 200 கேள்வி கொடுத்து 180 எழுதினால் போதும் என்று இருந்தது. நேரமும் 2022 முதல் 200 நிமிஷம். இப்போது பழையபடி 180 கேள்வி, 180 நிமிஷம், 720 மதிப்பெண். போன வருஷத்து அண்ணன்மாரிடம் வாங்கிய கைடில் எல்லாம் 200 கேள்வித்தாள்தான். இருபது கேள்வியை விடலாம் என்று சட்டமே இருந்த காலம் போய்விட்டது. இனி விடுவதென்றால் நாமே பார்த்து விட வேண்டும்.

7 ஏப்ரல், திங்கள்

திருத்திய தாள்களைக் கொடுத்தேன். சரிக்கு 4, தப்புக்கு 1 கழிவு, விட்டால் ஒன்றுமில்லை. கூடலூரிலிருந்து வரும் பெண் 180-ம் எழுதியிருந்தாள். 78 சரி, 102 தப்பு. 312-ல் 102 போக 210.

"அந்த 102-ஐத் தொடாமல் விட்டிருந்தால் 312 வந்திருக்குமே" என்றேன், பெரிய கண்டுபிடிப்பு மாதிரி.

"எது தப்புன்னு தெரிஞ்சா நான் ஏன் டீச்சர் எழுதப் போறேன்?"

பதில் இல்லை என்னிடம். ஆறாம் வகுப்பிலிருந்து இவளுக்கு எந்த டீச்சரும் கேள்வியை விடச் சொல்லிக் கொடுத்ததில்லை. நானே அரையாண்டுத் தேர்வில் வரிசை வரிசையாக நடந்துகொண்டு சொன்னது என்ன? "ஒண்ணையும் விடாம எழுதுங்க. ஃபார்முலாவையாவது எழுதுங்க, அதுக்கு ஒரு மார்க் உண்டு. வெறும் தாளுக்கு யாரும் மார்க் போட மாட்டாங்க." பொதுத்தேர்வில் அது உண்மை. நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று பள்ளி வாசலில் பேனர் கட்டுவதே அந்த ஒரு மார்க்கை வைத்துத்தான். மார்ச் 25 வரை ஒரு வேதம், ஏப்ரல் முதல் இன்னொரு வேதம் என்றால் பிள்ளை என்ன செய்யும்?

8 ஏப்ரல், செவ்வாய்

கோம்பைப் பையன் கணக்கில் புலி. இடைவேளையில் வந்து நின்றான்.

"டீச்சர், நாலு கேள்விய கண்ண மூடிக்கிட்டுப் போட்டா ஒண்ணு சரியாகும். நாலு மார்க். மூணு தப்பு, மூணு மார்க் போகும். மிச்சம் ஒண்ணு. அப்ப எதுக்கு விடணும்?"

கரும்பலகையில் போட்டுப் பார்த்தேன். அவன் சொல்வது சரி. இருபது கேள்விக்கு ஐந்து மார்க் சராசரியாக லாபம். இத்தனை வருஷமாக "தெரியாததைத் தொடாதே" என்று சொல்லிக்கொண்டிருந்தவள் பிசிக்ஸ் எம்.எஸ்ஸி. வெட்கமாக இருந்தது.

சமாளிக்க வேண்டுமே. "சராசரின்னா எல்லாருக்கும் வரும்னு அர்த்தமில்லப்பா" என்றேன். அவன் விடவில்லை. "எங்கப்பாவும் அதத்தான் டீச்சர் சொல்லும், குமுளிக்குப் போயி சீட்டு வாங்கிட்டு வரும்போது." வகுப்பு முழுக்கச் சிரிப்பு. தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை வந்தது 2003-ல். எல்லையைத் தாண்டினால் கேரள அரசே சீட்டு விற்கிறது. இந்தப் பள்ளத்தாக்கில் நிகழ்தகவுப் பாடத்துக்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

12 ஏப்ரல், சனி

இரண்டாவது மாதிரித் தேர்வு. புதிய ஏற்பாடு ஒன்று: சந்தேகத்தோடு எழுதும் ஒவ்வொரு கேள்வி எண்ணுக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். ஓஎம்ஆர் தாளில் அல்ல, கேள்வித்தாளில். "நம்ம மனசு எங்க நடுங்குச்சுன்னு நமக்கே தெரியணும்" என்று சொல்லி வைத்தேன்.

கையெழுத்து, கைரேகை, போட்டோ எல்லாம் மாதிரித் தேர்வுக்கும் எதற்கு என்று ஒரு பெண் அலுத்துக்கொண்டாள். நம் மாவட்டத்துக் கதைதான் என்றேன். 2019 செப்டம்பரில் க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் முதலாமாண்டு சேர்ந்த ஒருவருக்காக நீட் எழுதியது வேறொரு ஆள் என்று வெளிவந்தது. டீனுக்கு வந்த ஒரு மின்னஞ்சலில் ஆரம்பித்து சிபிசிஐடி வரைக்கும் போனது வழக்கு. அதற்கு அடுத்த வருஷம் இதே மாவட்டத்துக்கு இன்னொரு செய்தி வந்தது: பெரியகுளம் பக்கத்து அரசுப் பள்ளியில் படித்த, ஆடு மேய்ப்பவரின் மகன் ஒருவர் 720-க்கு 664. பிள்ளைகளுக்கு இரண்டாவது கதை தெரிந்திருந்தது. அவர் எழுதியது இரண்டாவது முறை, நடுவில் ஒரு வருஷம் வெளியூரில் பயிற்சி என்பது அவ்வளவாகத் தெரியவில்லை. அதைச் சொல்லாமல் விடக் கூடாது, சொன்னேன். கூடலூர்ப் பெண் மட்டும் கேட்டாள்: "ஒரு வருஷம் சும்மா வச்சிருக்க வீட்ல முடியுமா டீச்சர்?"

14 ஏப்ரல், திங்கள்

சித்திரை ஒன்று. சாமி படத்துக்கு ஏற்றிய ஊதுபத்தியிலேயே வேலையும் நடந்தது. விடைகளைக் கருப்பாக்கிய ஓஎம்ஆர் தாளில் ஒவ்வொரு வட்டத்திலும் ஊதுபத்தி நுனியால் ஓட்டை போட்டு, அதைப் பிள்ளைகளின் தாள்மேல் வைத்தால் ஓட்டை வழியே தெரியும் கறுப்பெல்லாம் சரி. ஸ்கேனர் இல்லாத பள்ளிகளின் பழைய வித்தை. "புதுவருஷத்தன்னிக்கும் இந்தப் பொகையா?" என்று மாமியார்.

பிறகு புள்ளிகளை எண்ணினேன். கூடலூர்ப் பெண் 31 கேள்விக்குப் புள்ளி வைத்திருந்தாள். அவற்றில் 6 சரி, 25 தப்பு. 24-லிருந்து 25 போனால் கழித்தல் ஒன்று. கண்ணை மூடிப் போட்டிருந்தால் ஏழெட்டாவது சரியாகியிருக்கும்! கோம்பைப் பையன் கடைசி இருபதைப் படிக்கவே இல்லை, எல்லாவற்றுக்கும் மூன்றாவது வட்டம். 6 சரி, 14 தப்பு. பத்து மார்க் லாபம்.

ஒரே ஒரு தேர்வை வைத்து ஒன்றும் சொல்லக் கூடாது. ஆனால் அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் ஒன்று புரிந்தது. மணிக்கு 72 கி.மீ. வேகம் என்றால் வினாடிக்கு 20 மீட்டர். அதை மாற்ற மறந்து 72 என்றே போட்டால் வரும் விடையும் நாலில் ஒன்றாகக் காத்திருக்கிறது. இயக்க ஆற்றலில் பாதி போட மறந்தால் வருவதும் இருக்கிறது. கேள்வி தயாரிப்பவர் பிள்ளைகள் எங்கே சறுக்குவார்கள் என்று பார்த்து அங்கேயே பாய் விரித்து வைக்கிறார். ஒன்றுமே தெரியாதவன் அந்தப் பாயில் விழுவது தற்செயல். அரைகுறையாகத் தெரிந்தவள் நேராகப் போய் உட்காருகிறாள், விடை கிடைத்துவிட்ட நிம்மதியோடு.

15 ஏப்ரல், செவ்வாய்

மார்க் சொன்ன அன்றைக்கு ராத்திரி எல்லார் வீட்டுக்கும் போன் போடுவது வழக்கம். 2017 செப்டம்பர் 1-ல் பிடித்த பழக்கம். பிளஸ் டூவில் 1200-க்கு 1176 எடுத்தும் நீட்டால் மருத்துவ இடம் கிடைக்காத அரியலூர் அனிதா உயிரை விட்ட நாள் அது. பேச விஷயம் இருக்கிறதோ இல்லையோ, சாப்பிட்டாயா என்றாவது கேட்டுவிடுவேன்.

கூடலூர்ப் பெண்ணின் அம்மா எடுத்தார். வெள்ளனவே ஜீப்பில் ஏறி கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போய்விட்டு, இருட்டித்தான் திரும்பியிருக்கிறார். புள்ளி, கழிவு என்று நான் சுற்றி வளைத்துச் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"காய் எடுக்கையில அதாங்க டீச்சர். விளைஞ்சதத்தான் எடுக்கணும். பிஞ்சையும் சேத்துப் பறிச்சா கங்காணி வைவாரு. அடுத்த சுத்துக்கு வரும்போது அது விளைஞ்சிருக்கும்."

அடுத்த சுற்று. அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார். சனிக்கிழமை மகள் கேட்டதை நான் அவரிடம் சொல்லவில்லை.

19 ஏப்ரல், சனி

தமிழில் எழுதும் ஆறு பேரோடு தனியாக உட்கார்ந்தேன். நீட் கேள்வித்தாளில் தமிழும் இங்கிலீஷும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால் இங்கிலீஷில் இருப்பதே முடிவு. 2018-ல் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு நடந்து, கேள்விக்கு நாலு வீதம் 196 மதிப்பெண் தரச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஜூலையில் தீர்ப்புச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அந்த வருஷமே அதை ரத்து செய்தது. அதனால் பிள்ளைகளுக்கு என் விதி: தமிழில் வாசி, ஒரு சொல் இடித்தால் பக்கத்து இங்கிலீஷைப் பார், அதுவும் இடித்தால் புள்ளி. தாய்மொழியில் எழுதுகிற பிள்ளைக்குத்தான் கேள்விக்கு ஒரு நிமிஷம் என்பது முக்கால் நிமிஷமாகிறது.

எனக்கு இதில் தனி வருத்தமும் உண்டு. நான் எழுதியது மாநில நுழைவுத் தேர்வு, தொண்ணூறுகளில். பிளஸ் டூவுக்கு 200, நுழைவுக்கு 100, மொத்தம் 300-க்குக் கட்-ஆஃப். கொஞ்சத்தில் போனது எம்.பி.பி.எஸ். 2007-ல் அந்தத் தேர்வை ரத்து செய்தபோது இனி எந்தப் பிள்ளையும் இதை எழுத வேண்டாம் என்று ஸ்டாஃப் ரூமில் மிட்டாய் கொடுத்தவள் நான்.

26 ஏப்ரல், சனி

கடைசி முழுத் தேர்வு. விதியைத் திருத்திக்கொண்டோம்: நாலில் இரண்டு விடையைக் காரணத்தோடு அடிக்க முடிந்தால் எழுது, காரணம் இல்லாமல் ஒரு விடை 'சரியாத்தான் இருக்கும்' என்று இழுத்தால் விட்டுவிடு. கோம்பையான் தன் மூன்றாவது வட்டத்தை வைத்துக்கொள்ளட்டும், தொடாத கேள்விக்கு மட்டும்.

கூடலூர்ப் பெண்: 92 சரி, 43 தப்பு, 45 விட்டது. 325. நாற்பத்தைந்து வெள்ளை வட்ட வரிசைகளைப் பார்க்க எனக்கே கை பரபரத்தது. பழக்கம்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தது 2020-ல். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும், இவள் படித்திருக்கிறாள். இந்த மார்க்குக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டாள். கவுன்சலிங் வரைக்கும் யாராலும் சொல்ல முடியாது என்றேன். உண்மை அதுதான்.

4 மே, ஞாயிறு

வீரபாண்டித் திருவிழா செவ்வாய்க்கிழமை தொடங்குகிறது. பஸ்ஸெல்லாம் கூட்டம் என்று பிள்ளைகளை வெள்ளனவே கிளப்பிவிட்டேன். அரைக்கை, செருப்பு, காதில் மூக்கில் ஒன்றுமில்லை. ஒன்றரைக்குக் கேட் அடைத்துவிடுவார்கள்.

ஐந்தரைக்கு மேல் போன் மேல் போன். எல்லாருக்கும் ஒரே பாட்டு: பிசிக்ஸ் கொன்றுவிட்டது. கோம்பையான் எத்தனைக்கு மூன்றாவது வட்டம் போட்டான் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கூடலூர்ப் பெண் ஏழு மணிக்குத்தான் பேசினாள், பஸ் இரைச்சலுக்கு நடுவில்.

"பிசிக்ஸ்ல பத்தொம்பது விட்டேன் டீச்சர். பக்கத்துப் பொண்ணு எல்லாத்தையும் கறுப்பாக்கிக்கிட்டே இருந்துச்சு. எனக்குக் கையி நடுங்குச்சு. ஆனா விட்டுட்டேன். சரிதான?"

சரிதான் என்றேன். கேள்வித்தாளைப் பத்திரமாகக் கொண்டுவா, புள்ளிகளை எண்ண வேண்டும், அழித்துவிடாதே என்றேன்.

"அங்க பென்சில் எங்க டீச்சர் விட்டாங்க? பேனால வச்சது. அழியாது."