பிராது எழுதப் படித்தவள்

விருத்தாசலம் என்றதும் பக்தர்களுக்குப் பழமலைநாதர் நினைவுக்கு வருவார். ரயில் பிரயாணிகளுக்கு ஜங்ஷன் நினைவுக்கு வரும். கொலு வைக்கும் வீடுகளுக்கோ பீங்கான் பொம்மைகள்! பீங்கானுக்கென்றே தொழிற்பேட்டையும் தொழில் நுட்பக் கல்வி நிலையமும் உள்ள ஊர் அல்லவா?

எனக்கு நினைவுக்கு வருவது ஒரு காகிதம்.

ஊருக்கு அருகே மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. முருகப் பெருமான்தான் அங்கே நீதிபதி. நகை திருட்டுப் போய்விட்டதா? கடன் வாங்கியவன் கையை விரித்துவிட்டானா? குறையைக் காகிதத்தில் எழுதி முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டு வருகிறார்கள். இதற்குப் 'பிராது கட்டுதல்' என்று பெயர். காரியம் கைகூடியதும் மறுபடி வந்து பிராதை வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும்.

குறையை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று இந்த ஊர்ப் பெண்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் சாமி முன்னால் நடுங்காத கை, கோர்ட்டு வாசலில் நடுங்குகிறது. எந்த அறைக்குப் போவது, யாரிடம் கேட்பது, எவ்வளவு செலவாகும் என்ற பயம்!

அந்தப் பயத்துக்கு மருந்தாக ஒரு படிப்பு இருக்கிறது என்பதை என் சித்தி மகள் மூலம்தான் நான் அறிந்துகொண்டேன். அவள் விருத்தாசலத்தில் வாழ்க்கைப்பட்டவள். கணவருக்குப் பீங்கான் சூளையில் வேலை. பன்னிரண்டாம் வகுப்போடு கல்யாணம், இரண்டு குழந்தைகள். முப்பது வயதுக்கு மேல் 'பாராலீகல்' படிப்புக்குப் பணம் கட்டினாள்.

"வீட்டு வம்பு போதாதுன்னு ஊர் வம்பு வேறயா?" என்றார் மாமியார். கணவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மேஜை விளக்கு வாங்கி வந்தார்.

பாராலீகல் என்றால் என்ன என்று கேட்பீர்கள். வக்கீல் குமாஸ்தாவை உங்களுக்குத் தெரியும். கட்சிக்காரர் கதையைக் கேட்டு, தேதியை நினைவு வைத்து, நகல் வாங்கி, ஸ்டாம்பு ஒட்டி - அவர் ஒரு நாள் வராவிட்டால் வக்கீலுக்குக் கை ஒடிந்த மாதிரி. பாராலீகலும் ஏறக்குறைய அந்த ஜாதிதான்; முறையாகச் சட்டம் படித்தவர் என்பது விசேஷம். கோர்ட்டில் வாதாட முடியாது. ஆனால் வழி சொல்லலாம், மனு எழுத உதவலாம், சரியான வாசலுக்குக் கூட்டிப் போகலாம். இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இதற்கென ஒரு டிப்ளமோ ஏற்படுத்தியிருக்கிறது. தேசிய சட்டப் பணிகள் ஆணையமும் 2009-ல் இத்தகைய தன்னார்வலர்களுக்காக ஒரு திட்டம் வகுத்தது. இதில் மாதச் சம்பளம் கிடையாது. வேலை செய்த நாளுக்கு மதிப்பூதியம்தான். இதை நம்பிக் குடித்தனம் நடத்த முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

படிக்கப் படிக்க அவளுக்கே ஆச்சரியம். 1987-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று, 1995-ல் அமலுக்கு வந்தது. வருமானம் எவ்வளவானாலும், பெண் என்ற ஒரே காரணத்துக்காக இலவசமாக வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்கிறது அது. கோர்ட்டு வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழுவில் கேட்கலாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால், கோர்ட்டில் கட்டிய கட்டணமும் திரும்பி வரும்.

"இத்தனை நாள் இது யாருக்கும் தெரியாமல் இருந்ததே, அக்கா!" என்றாள்.

தெரிந்ததைச் சோதித்துப் பார்க்க ஒரு சந்தர்ப்பமும் வந்தது. பொம்மைக்கு வர்ணம் தீட்டப் போகும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அவள் அண்ணன் புதுச் சேலையோடு வந்தான். கையில் விடுதலைப் பத்திரம். "ஒரு கையெழுத்துத்தானே, தங்கச்சி!"

"சேலையை வாங்கிக்கொள். பத்திரத்தை ஒரு நாள் வைத்துவிட்டுப் போகச் சொல்" என்றாள் என் தங்கை.

பிதிரார்ஜிதச் சொத்தில் இந்துப் பெண்ணுக்கும் பிள்ளையைப் போலவே சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது. 2005-ல் அது தேசம் முழுவதற்கும் வந்தது. அதை எடுத்துச் சொல்லி, குழுவுக்கு அழைத்துப் போனாள். வக்கீல் கிடைத்தார்; விவகாரம் சமரசத்தில் முடிந்தது. பங்கும் வந்தது.

அந்த வருஷம் பொங்கல் வரிசை வரவில்லை. காணி நிலத்துக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பெண், ஒரு கட்டுக் கரும்புக்காக அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தங்கைக்குச் சொல்ல வார்த்தை இல்லை. இது எந்தப் பாடத்திலும் இல்லையே! கடைசியில் அந்தப் பெண்ணே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த பொங்கலுக்கு நானே அவனுக்குக் கரும்பு வாங்கிட்டுப் போறேன்" என்றாளாம். சொத்துள்ள தங்கை அல்லவா!

இப்போது தெருவில் யார் பத்திரம் கொண்டுவந்தாலும், "எங்க மருமககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கையெழுத்துப் போடு" என்கிறார் மாமியார்.

மருமகளுக்கோ ஆசை வளர்ந்துவிட்டது. தபால் மூலம் பி.ஏ. படிக்கிறாள். அதற்குப் பிறகு சட்டக் கல்லூரி. வக்கீல் பட்டத்தைத் தபாலில் வாங்க முடியாது. மூன்று வருஷம் நேரில் போய்ப் படித்தாக வேண்டும். விழுப்புரத்தில் 2017-ல் அரசு சட்டக் கல்லூரி தொடங்கினார்கள். ரயிலில் போய் வரும் தூரம்தான். ஆனால் காலை ரயிலைப் பிடிக்க வேண்டுமானால் குழந்தைகளுக்குச் சமைத்துக் கட்டிக் கொடுப்பது யார்? வீட்டில் இப்போது நடக்கும் வழக்கு அதுதான். தீர்ப்பு இன்னும் ஆகவில்லை. ஆனால் எதிர்க்கட்சியான மாமியார் சமரசத்துக்கு இறங்கி வருகிறார் என்று கேள்வி.