பெயர் மட்டும் ஃபிப்டி

மேலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நின்று, போகிற மொபெட் ஒன்றைக் காட்டி என்ன வண்டி என்று யாரைக் கேட்டாலும் "டிவிஎஸ் ஃபிப்டி" என்பார்கள். வண்டியின் பக்கவாட்டில் எக்ஸ்எல் 100 என்று பெரிதாக எழுதியிருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவரும் அப்படித்தான் சொல்வார். நாற்பது வருடத்துக்கும் மேலாக வண்டி மாறிக்கொண்டே வந்திருக்கிறது. பெயர் மட்டும் எங்கள் ஊர் வாயில் அப்படியே தங்கிவிட்டது. இதனால் என்ன கெட்டுப்போகும் என்று நினைப்பீர்கள். ஒரு தடவை கெட்டுப்போக இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எனக்கு வண்டிகளின் மாடல் எண்களில் ஒரு பைத்தியம் உண்டு. அது பள்ளிக்கூடத்தில் பிடித்தது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் கணக்கு வாத்தியார் கறுப்பு சொலெக்ஸ் வண்டியில் வருவார். சைக்கிள் மாதிரிதான் இருக்கும். எஞ்சின் முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து ஒரு உருளை டயரை அழுத்திச் சுற்ற, வண்டி ஓடும். 1946இல் விற்பனைக்கு வந்த வண்டி. 1400, 1700, 2200, 3300, 3800 என்று எண் ஏறிக்கொண்டே போனது. தூரத்தில் வரும் வண்டியின் எண்ணைச் சொல்வது எங்களுக்குள் பந்தயம். ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. கிளட்ச் மாறும், சட்டத்தின் வடிவம் மாறும், கடைசிக் காலத்தில் வண்ணங்களும் வந்தன. உருளை மட்டும் கடைசி வரை உருளைதான். 1988இல் பிரான்சில் அந்த வண்டியை நிறுத்தினார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் அக்கா மகன் பிரான்சிலிருந்து வந்திருந்தான். அங்கே மேற்குக் கடற்கரையில், வாந்தே என்ற பகுதியில், பாய்மரப் படகு செய்யும் ஆலையில் வேலை பார்க்கிறான். அந்தப் பகுதியே படகுக்குப் பேர்போனது. 1884இல் மீன்பிடிப் படகு கட்ட ஆரம்பித்த பெனெத்தோ என்ற கம்பெனி அங்கேதான் பிறந்தது. 1960களில் உல்லாசப் படகுக்கு மாறி, இன்று காரைப் போல வரிசையில் வைத்துப் படகு செய்கிறது. வருடா வருடம் படகிலும் புது மாடல் வருமா என்று அவனிடம் கேட்டேன்.

"வரும் மாமா. ஆனா அடிக்கூடு அதேதான் இருக்கும்" என்றான்.

பிறகு விளக்கினான். ஃபைபர் படகுக்கு முதலில் பெரிய அச்சு ஒன்று வேண்டும். பிரம்மாண்டமான இட்லித் தட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்பக்கத்தைக் கண்ணாடி போல மெருகேற்றி, மெழுகு பூசி, கண்ணாடி நாரையும் பிசினையும் அடுக்கடுக்காகப் போட்டு, இறுகியதும் படகைத் தூக்கி எடுப்பார்கள். மேல்தளத்துக்கு வேறு அச்சு. இந்த அச்சுகளைச் செய்வதில்தான் பணம் எல்லாம் போகிறது. ஒரு அச்சில் எத்தனை படகு எடுக்கிறார்களோ அத்தனைக்குத்தான் அந்தச் செலவு பங்கு பிரியும். ஆகவே அச்சைச் சட்டென்று தூக்கி எறிய மாட்டார்கள். ஜன்னலைப் பெரிதாக்குவார்கள், மெத்தைத் துணியை மாற்றுவார்கள், சமையல் மேடையை இடப்பக்கம் இருந்து வலப்பக்கம் கொண்டுபோவார்கள். ஓசியானிஸ் 38 என்ற படகு சில வருடத்தில் 38.1 ஆனது இந்த வகைதான். அந்தப் புள்ளி ஒன்றைக் கேட்டதும் எனக்கு சொலெக்ஸ் ஞாபகம் வந்துவிட்டது.

புது அச்சு செய்யும் சமயத்தில்தான் நிஜமான மாற்றம் வரும். பழைய படகுகளின் பின்பக்கம் குறுகி இருக்கும். புதியவை பின்னால் அகலமாக, வெட்டிவிட்டது போல இருக்கும். பின்னால் இரண்டு படுக்கையறை கேட்கிறார்கள், அதற்காக. அகலம் கூடினால் படகு காற்றில் சாயும்போது நடுவில் இருக்கும் ஒற்றைச் சுக்கான் தண்ணீரை விட்டு எழும்பிவிடும். ஆகவே இரண்டு சுக்கான். இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஓட்ட வசதியாக இரண்டு ஸ்டியரிங் சக்கரம். வீட்டம்மா ஒரு அறை கூடுதலாகக் கேட்டது சுக்கான் வரைக்கும் போய்விட்டது! கடலில் ஓடுவதை விடத் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் நேரம்தான் அதிகம், அதனால் வீடு மாதிரி ஆகிக்கொண்டே போகிறது என்று சிரித்தான் மருமகன். (இரட்டைக் கூடு வைத்த படகை அவர்களும் கட்டுமரம் என்றுதான் சொல்கிறார்கள். நம் கட்டுமரத்துக்குக் கூடே கிடையாது. கட்டைகளைச் சேர்த்துக் கட்டியதுதான். பெயர் எங்கெல்லாம் போய் ஒட்டிக்கொள்கிறது பாருங்கள்.)

அவன் போன பிறகு எங்கள் ஊர் ஃபிப்டியை அதே கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன்.

1911இல் மதுரையில் டி.வி.சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய குழுமம், 1980இல் ஓசூரில் செய்து இறக்கியதுதான் டிவிஎஸ் 50. ஐம்பது சிசி, இரண்டு ஸ்ட்ரோக், கியர் இல்லை, இரண்டு பேர் உட்காரலாம், பெடல் உண்டு. அந்தப் பெடலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பெட்ரோல் தீர்ந்தால் மிதித்தே வீடு வந்து சேரலாம். கொட்டாம்பட்டி ரோட்டில் இருட்டில் மிதித்து வந்தவர்கள் எங்கள் ஆபீசிலேயே இருந்தார்கள்.

பிறகு எக்ஸ்எல் வந்தது. அப்புறம் எக்ஸ்எல் சூப்பர், ஹெவி டூட்டி. எஞ்சின் 70 சிசிக்கு ஏறியது. பெடல் போய் கிக்கர் வந்தது. இதெல்லாம் ஏன் என்று யாரும் ஆராய வேண்டியதில்லை. மேலூர் சந்தை நாளில் ரோட்டோரம் நின்றால் போதும். பெரியாறு வாய்க்கால் பாசனத்தில் விளைகிற நெல் மூட்டை, வாழைத்தார், புல்லுக்கட்டு, பால் கேன், சாக்கில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் ஆட்டுக்குட்டி, ஆள் தெரியாத அளவுக்குப் பிளாஸ்டிக் குடம். கம்பெனி வண்டியைப் பெரிதாக்கியது, நம் ஆட்கள் இன்னும் ஒரு மூட்டை ஏற்றினார்கள். கம்பெனி மறுபடி பெரிதாக்கியது. பின் சீட்டைக் கழற்றிவிட்டால் அந்த இடமும் சுமைக்கு. அங்கே படுக்கையறை, இங்கே நெல் மூட்டை. ஆனால் காலுக்கு முன்னால் இருக்கும் அந்தத் திறந்த இடத்தை மட்டும் எந்த மாடலிலும் அடைக்கவில்லை. இந்த வண்டியின் அச்சு அதுதான் என்பது என் கட்சி. அதை அடைத்தால் மறுநாளே ஊரில் ஒருவரும் வாங்க மாட்டார்கள்.

அதன் பிறகு வந்த மாற்றங்களை ஓட்டுகிறவர்கள் யாரும் கேட்கவில்லை. அவை டெல்லியிலிருந்து வந்தன. 2015இல் எக்ஸ்எல் 100 வந்தது, 99.7 சிசி, நான்கு ஸ்ட்ரோக். பங்கில் பெட்ரோலோடு ஆயில் கலக்கும் வேலை நின்றது, பின்னால் போகிறவர் மூக்கைப் பிடிப்பதும் நின்றது. 2017 ஏப்ரலில் பிஎஸ் 4. அதோடு, எஞ்சின் ஓடினால் முகப்பு விளக்கும் தானாக எரிய வேண்டும் என்ற விதி. அந்த வருடம் முழுக்க எதிரே வருகிறவர்கள் எல்லாரும் விரலை மடக்கி மடக்கிக் காட்டி "லைட்டு எரியுது, லைட்டு எரியுது" என்று சொல்லிக் களைத்துப் போனார்கள். 2019இல் ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் பிடிக்கும் ஏற்பாடு. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6. கார்புரேட்டர் போய், பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து பீச்சும் முறை வந்தது. எங்கள் தெரு முனை மெக்கானிக் தம்பி காதை வைத்தே எஞ்சின் நோயைச் சொல்கிறவர். இந்த மாதிரி வண்டிகள் வந்த பிறகு, "காது பத்தாது சார், இதுக்கு மிஷினு வாங்கணும்" என்று சொல்லிவிட்டுப் பழைய வண்டிகளோடு நிறுத்திக்கொண்டார். புகை குறைந்தது நிஜம். நான் இதில் புது வண்டியின் கட்சிதான்.

இப்போது அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றும் அம்மா ஒருவர் போன வருடம் ஒரு நாள் சாயந்திரம் வந்தார். கணவர் தவறிப்போய் எட்டு மாதம். அவர் ஓட்டிய எக்ஸ்எல் 100 வீட்டில் நிற்கிறது. விடியற்காலையில் நான்கு தெருவுக்குப் பால் போக வேண்டும். மகனுக்குப் பதினாறு முடிந்துவிட்டது.

"சார், நீங்க ஆபீஸ்ல இருந்தவரு. ஃபிப்டி ஓட்ட பதினாறு வயசு போதும்னு சொல்றாங்களே, நெசமா? பயலுக்கு லைசென்ஸ் எடுத்துக் குடுத்துரலாமா?"

அவருக்குச் சொன்னவர் சொன்னது பொய் இல்லை. 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தில் அப்படி ஒரு சலுகை இருக்கிறது. பதினாறு நிறைந்தவர், பெற்றோர் சம்மதத்தோடு, 50 சிசிக்கு மேற்படாத எஞ்சின் உள்ள மோட்டார் சைக்கிள் ஓட்டலாம். சட்டம் அதே இடத்தில் நிற்கிறது. வண்டிதான் ஐம்பதைத் தாண்டி, எழுபதைத் தாண்டி, நூறுக்குப் பக்கத்தில் போய்விட்டது.

"ஆர்சி புக்கை எடுத்துட்டு வாங்கம்மா" என்றேன். சிசி என்ற இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன். அவருக்குப் புரியவில்லை. "ஃபிப்டிதானே சார் இது?" என்று மறுபடி கேட்டார்.

2019இல் சட்டத்தைத் திருத்தினார்கள். வயது வராத பிள்ளை ஓட்டி மாட்டினால் பெற்றோருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. இதை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அந்த அம்மாவின் முகம் போன விதத்தை என்னால் எழுத முடியாது. அவர் ஏற்கனவே இரண்டு நாள் மகனை அனுப்பியிருந்தார்.

வழி தேடினோம். ஐம்பது சிசி பெட்ரோல் வண்டி எங்கள் ஊர்க் கடைகளில் கிடையாது. மெக்கானிக் தம்பியிடம் பழைய அசல் ஃபிப்டி ஒன்று மூலையில் நின்றது. பதிவைப் புதுப்பித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது, உதிரி பாகமும் கிடைக்காது. 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓடும் சின்ன பேட்டரி வண்டிக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. ஆனால் நாற்பது லிட்டர் கேனை வைத்தால் அது அழும்.

"அப்ப நானே ஓட்டப் பழகுறேன் சார்" என்றார் அந்த அம்மா. வயது நாற்பத்தி மூன்று. சைக்கிள் கூட ஓட்டியதில்லை.

அந்த மாதம் மகன் பள்ளிக்கூடம் போகுமுன் சைக்கிளில் இரண்டு நடையாகப் பால் கொண்டுபோனான். சாயந்திரத்தில் மைதானத்தில் அம்மா வண்டியில் உட்கார, அவன் கேரியரைப் பிடித்துக்கொண்டே பின்னால் ஓடினான். கியர் இல்லாதது, கால் இரண்டும் தரையில் எட்டுவது, முன்னால் திறந்திருப்பதால் சேலையோடு ஏறி இறங்க முடிவது, எல்லாம் அவருக்குக் கைகொடுத்தன. எல்எல்ஆர் மனுவை நான் எழுதிக்கொடுத்தேன். வாகனத்தின் பெயர் என்ன எழுத என்று கேட்டதற்கு, "ஃபிப்டின்னே போடுங்க சார்" என்றார். கியர் இல்லாத மோட்டார் சைக்கிள் என்று எழுதினேன்.

இப்போது காலை ஐந்தரைக்கு ஹாரன் சத்தம் கேட்கிறது. பிரேக் பிடிக்கும் முன்பே ஹாரன் அடிக்கிறார், அது ஒன்றுதான் இன்னும் சரியாகவில்லை.