சந்தனம் என்று பெயர் வைத்துக்கொண்ட சீனத்து ஓவியர்

தஞ்சாவூர்ப் பக்கம் எந்தத் தெருவில் விசாரித்தாலும் சிங்கப்பூர் போனவர் ஒருவராவது இருப்பார். ஒரு காலத்தில் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறினால் முதலில் பினாங்கு, அப்புறம் சிங்கப்பூர். அதே இரண்டு ஊர்களிலும் சீனாவிலிருந்து கிளம்பியவர்களும் வந்து இறங்கினார்கள். அவர்களில் ஒருவர்தான் ஓவியர் ஜார்ஜெட் சென்.

பிறந்தது 1906-ல். அப்பா பாரிஸில் சீனக் கலைப்பொருள் வியாபாரி. சுன் யாட் சென்னின் புரட்சிக்குப் பணத்தை அள்ளிக் கொடுத்தவர். மகள் பாரிஸிலும் நியூயார்க்கிலும் ஓவியம் படித்தார். சீனாவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் யூஜின் சென் என்பவரை 1930-ல் மணந்தார். பிறகு போர் வந்தது. ஜப்பானியர்கள் இருவரையும் காவலில் வைத்தார்கள். 1944-ல் கணவர் ஷாங்காயில் இறந்துபோனார்.

1951-ல் பினாங்கு வந்து பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினார். 1953-ல் சிங்கப்பூர். போன வாழ்க்கையை நினைத்து அழுதுகொண்டே வரைந்திருக்கலாம். ஆனால் அவர் செய்தது என்ன தெரியுமா? மலாய் மொழி கற்றுக்கொண்டார். 'செண்டானா' என்று மலாய்ப் பெயரும் வைத்துக்கொண்டார். அர்த்தம்? நம்ம சந்தனமேதான்!

1954 முதல் 1980 வரை நன்யாங் நுண்கலைக் கழகத்தில் ஆசிரியர். 1938-ல் அதைத் தொடங்கிய லிம் ஹாக் தாயும் சீனாவிலிருந்து வந்தவர்தான். 'இந்த வெப்பமான மண்ணின் சாயல் படத்தில் தெரிய வேண்டும்' என்பது அவர் கொள்கை. ஜார்ஜெட் பாரிஸில் கற்ற எண்ணெய் வண்ணத்தில் ரம்புத்தான் பழங்களையும் சாத்தே விற்கும் மலாய்ப் பையனையும் வரைந்தார். மாணவர்களையும் பக்கத்தில் இருப்பதைப் பார்க்க வைத்தார்.

முடக்குவாதம் கடைசியில் தூரிகையைப் பறித்துக்கொண்டது. 1982-ல் சிங்கப்பூரின் கலாசாரப் பதக்கம் கிடைத்தது. 1993-ல் காலமானார். அவர் பெயரில் கலை மாணவர்களுக்கு உதவித்தொகை ஏற்பட்டது. படங்கள் சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கின்றன.

இது ஏதோ தூரத்துக் கதை என்று தோன்றலாம். நம் வீட்டுப் பூஜையறையில் மாட்டியிருக்கும் தஞ்சாவூர் ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பலாப் பலகை, பதித்த கற்கள், தங்க ரேக்கு, தவழும் கிருஷ்ணன். அதை வளர்த்த ராஜு சமூகத்து ஓவியர்கள் தெலுங்கு நாட்டிலிருந்து வந்தவர்கள். ஆதரித்த அரசர்கள் மராட்டியர்கள். இன்று அதை வெளியூர்ப் படம் என்று யாராவது சொன்னால் நாம் சும்மா விடுவோமா?

வந்தவர் தன் கையிலிருந்த வித்தையை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால், அப்புறம் அது அந்த ஊரின் சொத்து. 'இவன் எந்த ஊர்க்காரன்?' என்று கேட்பதற்கு முன்னால், இவனிடம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்டுப் பார்க்கலாம்.