இணுவிலிலிருந்து பேர்லினுக்குப் போன பாதை

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் இணுவிலுக்குப் போனால் ஜேர்மன் மொழி காதில் விழாமல் திரும்ப முடியாது. நான் போன மாலையில் கந்தசாமி கோயில் வீதியில் இரண்டு பொடியள் மஞ்சத்தைப் பற்றி ஜேர்மன் மொழியில் வாதாடிக்கொண்டு நின்றார்கள். "தமிழிலை கதையுங்கோடா" என்று அம்மம்மா அதட்டியதும் அதே வேகத்தில் தமிழுக்குத் தாவினார்கள். யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதியில் ஆறேழு கிலோமீற்றர் வந்து கோண்டாவிலைத் தாண்டினால் இந்த ஊர். செம்மண் தோட்டம், புகையிலை, தவில்மேதை தட்சணாமூர்த்தி என்று பெயர் பெற்ற ஊருக்குள் ஜேர்மன் மொழி எப்படி வந்தது என்று கேட்டால் எவரும் 1983 ஆடிக் கலவரத்தைத்தான் சொல்வார்கள். அது அரைவாசிக் கதை. மற்ற அரைவாசி ஜேர்மனியின் சொந்தக் கதை. அதைப் பேசத்தான் வந்திருந்தேன்.

நான் தேடிப்போன அண்ணைக்கு வீடு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து ஒழுங்கையில். அமெரிக்க மிஷன் 1898இல் தொடங்கிய அந்த மக்லியொட் ஆஸ்பத்திரியில்தான் அவரும் பிறந்தவர். இப்போது பாதி வருடம் இங்கே, பாதி வருடம் ஜேர்மனியின் ஹேர்ண் நகரத்தில்.

1985 தொடக்கத்தில், இருபத்து நாலு வயதில், ஏஜென்சிக்காரன் சொன்னபடி விமானம் ஏறிக் கிழக்கு பேர்லினின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கினார். அங்கிருந்து ரயிலில் பிரீட்றிக் வீதி நிலையம், அதைக் கடந்தால் மேற்கு பேர்லின். "மற்றப் பக்கத்திலை ஒருத்தனும் பாஸ்போட் கேக்கேல்லை, தம்பி. எனக்கு அது விளங்கவே இல்லை" என்றார்.

விளக்கம் வரலாற்றில் இருக்கிறது. பேர்லினுக்கு நடுவே போன கோட்டை மேற்கு ஜேர்மனி நாட்டு எல்லையாக ஏற்கவில்லை. ஏற்காத எல்லையில் அது எப்படிக் கடவுச்சீட்டுப் பார்க்கும்? தன் மக்களைச் சுவர் கட்டி மறித்த கிழக்கு அரசு, வெளிநாட்டவருக்கு இடைவழி விசா கொடுத்து மறுபக்கம் போக விட்டது. ஹிட்லரின் போர் இரண்டாகப் பிளந்த நகரம் இப்படித்தான் இணுவில், கோண்டாவில் பொடியளுக்கு வாசலாயிற்று. அதுவும் நெடுநாள் நீடிக்கவில்லை. 1985 ஆடியில் இரு ஜேர்மனிகளுக்கும் இடையிலான வட்டியில்லாக் கடனின் வரம்பு 85 கோடி மார்க்காக உயர்ந்தது. அதையொட்டி, மேற்கு நாட்டு விசா இல்லாத இலங்கைத் தமிழரைக் கிழக்கு ஜேர்மனி ஏற்பதை நிறுத்தியது. அண்ணை சில மாத வித்தியாசத்தில் தப்பியவர்.

வாசலைத் தாண்டியவரை உள்ளே இருக்க விட்டது ஒரு சட்ட வரி. 1949இல் எழுதிய மேற்கு ஜேர்மன் அடிப்படைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, அரசியல் காரணத்துக்காகத் துன்புறுத்தப்படுவோருக்குப் புகலிட உரிமை உண்டு என்றது. ஜேர்மன் மொழியில் நாலே சொல். அதற்குப் பத்து வருடம் முன்பு, 1939 வைகாசியில், சென் லூயிஸ் என்ற கப்பல் 937 பயணிகளோடு ஹம்பேர்க்கிலிருந்து புறப்பட்டது. அநேகமாக எல்லோரும் யூதர்கள். கியூபா அவர்களில் சிலரை மட்டும் இறங்க விட்டது. அமெரிக்காவும் கனடாவும் மறுத்துவிட்டன. ஐரோப்பாவுக்குத் திரும்பியவர்களில் 254 பேரை நாசிகளின் இனப்படுகொலை விழுங்கியது. இப்படிக் கதவடைக்கப்பட்டவர்களின் நினைவு ஆறாத காலத்தில்தான் அந்த நாலு சொல்லும் எழுதப்பட்டன. 1986 ஆவணியில் வட ஜேர்மனித் துறைமுகம் ஒன்றிலிருந்து போன 155 தமிழர்களை, நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளிலிருந்து கனடிய மீனவர்கள் மீட்டார்கள். இந்த முறை கனடா திருப்பி அனுப்பவில்லை.

எங்கள் பக்கத்தில் ஹிட்லரைக் கெட்டிக்காரன், ஒழுங்கானவன் என்று புகழ்கிற பெரியவர்களைச் சிறுவயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். வெள்ளைக்காரனை நடுங்க வைத்தவன் என்ற மதிப்பு அது. எனக்கு அந்தப் பேச்சு ஒருபோதும் பொறுக்காது. தங்கள் பிள்ளைகளுக்கு நிழல் தந்த சட்டம் அவனால் செத்தவர்களின் பேரில் எழுதப்பட்டது என்பதை ஒரு வீட்டிலாவது சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

நிழல் என்றாலும் வெயில் இல்லாமல் இல்லை. முதல் வருடங்களில் வேலை செய்ய அனுமதி இருக்கவில்லை, வழக்கு முடியும்வரை மாவட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது. அண்ணை அலுமாரியிலிருந்து ஒரு சிறு புத்தகத்தை எடுத்துத் தந்தார். சாம்பல் கலந்த நீல அட்டை, இடது மேல் மூலையில் சரிவாக இரண்டு கறுப்புக் கோடுகள். அகதிகளுக்கான பயணப் புத்தகம். உள்ளே படத்தில் அடர்ந்த மீசையோடு ஓர் இளைஞன். எந்தெந்த நாட்டுக்குப் போகலாம் என்ற இடத்தில், இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் என்று எழுதியிருந்தது. அந்த வரியைத் தன் விரலால் காட்டினார். தாய் செத்த செய்தி கடிதத்தில் வந்து சேர்ந்தபோது அந்திரட்டியும் முடிந்துவிட்டதாம்.

வேலையில்லாத அந்த அகதி முகாம் நாட்களில் பிறந்ததுதான் எங்கள் புலம்பெயர் இலக்கியம். தட்டச்சிலும் கையெழுத்திலும் 'தூண்டில்' போன்ற சிற்றிதழ்கள் வந்தன. இயக்கங்களையும் கேள்வி கேட்கிற துணிவு அவற்றுக்கு இருந்தது. ஊரில் அப்படி எழுதியிருந்தால் உயிர் மிஞ்சியிராது. 1988இல் ஹேர்ணில் முதல் இலக்கியச் சந்திப்பு நடந்தது. அண்ணை கடைசி வரிசையில் இருந்து கேட்டவர். பேர்லின் எழுத்தாளர் பொ. கருணாகரமூர்த்தியின் 'ஒரு அகதி உருவாகும் நேரம்' தன் சொந்தக் கதை மாதிரி என்றார். ஐரோப்பிய நகரங்களில் சுற்றிவந்த அந்தச் சந்திப்பு 2013இல் யாழ்ப்பாணத்துக்கே வந்தது.

ஆனால் சட்டம் அப்படியே இருக்கவில்லை. சுவர் விழுந்த பிறகு அகதிகள் மேல் வெறுப்பு மூண்டது. 1993 வைகாசி 26ஆம் திகதி ஜேர்மன் நாடாளுமன்றம் 16ஆம் பிரிவின் உரிமையைக் கடுமையாகக் குறுக்கியது. மூன்றாம் நாள் சோலிங்கன் நகரில் துருக்கியக் குடும்பமொன்றின் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். பெண்களும் சிறுமிகளுமாக ஐந்து பேர் செத்தார்கள். அந்தக் கிழமை முழுக்கத் தமிழ் வீடுகளில் ஒருவரும் சரியாக நித்திரை கொள்ளவில்லை என்றார் அண்ணை.

தேத்தண்ணி கொண்டுவந்த இளைய மகள் பேர்லினில் படிக்கிறாள். முந்தின நாள் யாழ்ப்பாண நூலகத்துக்குப் போய் வந்திருந்தாள். 1933இல் நாசிகள் புத்தகங்களை எரித்த பேர்லின் சதுக்கத்தில், நிலத்துக்குக் கீழே கண்ணாடி வழியாகத் தெரியும் வெற்று அலுமாரிகளைப் பற்றிச் சொன்னாள். 20,000 புத்தகம் அடுக்கக்கூடிய வெள்ளைத் தட்டுகள், ஒன்றிலும் ஒரு புத்தகமும் இல்லை. "இங்கை 97,000 புத்தகம் எரிஞ்சதெண்டு அப்பா சொன்னவர். ஆனா அந்த வெள்ளைக் கட்டடத்துக்குள்ளை நிண்டா எரிஞ்ச மாதிரியே தெரியேல்லை, மாமா."

எரிந்த கட்டடத்தை நினைவாக அப்படியே விடுவதா, திருத்திக் கட்டுவதா என்று அந்நாளில் பெரிய விவாதம் நடந்ததைச் சொன்னேன். 1981இல் கரி பிடித்த அறைகளில் ஒன்றையாவது விட்டிருக்க வேண்டும் என்பதே என் கட்சி.

அண்ணை ஒத்துக்கொள்ளவில்லை. "பொடியளுக்கு இருந்து படிக்க இடம் வேணுமெல்லே?"

"ரெண்டையும் செய்திருக்கலாம், அப்பா" என்றாள் மகள்.

விளக்கு வைக்கிற நேரம்வரை மூன்று பேரும் அதையே பேசிக்கொண்டிருந்தோம்.