தானே அணையும் கணினி

கோடையில் காவிரியும் கொள்ளிடமும் மணற்பரப்பாய்க் கிடக்கும் நாள்களில், திருவரங்கத்து வீட்டு மேசைக்கணினி ஒன்று முன்னறிவிப்பின்றி அணைகிறது; சேமிக்காத பக்கங்கள் மறைகின்றன. பலரும் நச்சுநிரலைப் பழிப்பர்; பாவம், பெரும்பாலும் அது குற்றமற்றது. செயலியின் வெப்பம் ஏறத்தாழ 100 பாகை செல்சியசை எட்டினால், கருகாதிருக்கும்பொருட்டுக் கணினி தானே அணைந்துகொள்ளும். மின்னிணைப்பை நீக்கிப் பெட்டியைத் திறந்தால், விசிறியிலும் அதன் கீழுள்ள அலுமினியத் தகடுகளிலும் தூசி கம்பளிபோல் அப்பியிருப்பதைக் காணலாம்; அதனை அகற்ற மென்தூரிகை போதும். செயலியின்மேல் பூசிய வெப்பம் கடத்தும் பசை உலர்ந்திருந்தால் புதிதாக இட வேண்டும். அதன் பின்னும், குளிர்ந்த விடியலிலும் அணையுமாயின் ஐயம் மின்வழங்கியின்மேல் திரும்பும். அதனை மட்டும் வீட்டில் பிரித்தலாகாது. இணைப்பு நீங்கிய பின்னும் அதன் மின்தேக்கிகளில் தீங்கு விளைக்கும் மின்னூட்டம் தங்கியிருக்கும். வேறொன்றைப் பொருத்திச் சோதிப்பதே வழி. காவிரிப் பாலம் கடந்து திருச்சிராப்பள்ளிக் கடைக்குச் செல்ல வேண்டியது அப்போதுதான்.