விஸ்துலாக் கரையில் ஒரு சிற்றூர்

போலந்து தேசத்துப் பேராறாகிய விஸ்துலாவின் வலக்கரையில், குன்றுகளின் அடிவாரத்தே, காஸிமியெஷ் தோல்னி என்னும் சிற்றூர் ஒன்றுளது. அதனை நாம் நேரிற் கண்டோமல்லோம். நூல்களும் படங்களுமே நம்மை ஆங்கு அழைத்துச் சென்றன. அவ்வூரின் தானிய வாணிகத்தைப் பற்றி மட்டும் எழுதுவதே நமது முதற் கருத்தாயிருந்தது.

அவ்வாணிகமும் சிறியதன்று. 14-ஆம் நூற்றாண்டில் மகா காஸிமிர் மன்னன் காலத்தில் நகருரிமை பெற்ற இவ்வூர், 16, 17-ஆம் நூற்றாண்டுகளிற் செல்வத்தாற் சிறந்து விளங்கிற்று. கரையோரக் களஞ்சியங்களில் நிறைத்த தானியம் தட்டைப் படகுகளிலேறி, வடகடற் பட்டினமாகிய க்தான்ஸ்க் சேர்ந்து, ஆங்கிருந்து கப்பல் வழியே மேலைத்தேசங்களை அடைந்தது. சந்தைவெளியில் 1615-இல் எழுந்த இரு வணிக மாளிகைகளுள் ஒன்றன் முகப்பிலே, குழந்தை இயேசுவைத் தோளிற் சுமந்து ஆற்றைக் கடந்த அர்ச். கிறிஸ்தோபரின் பேருருவம் உளது. உடையவன் பெயரும் அதுவே. ஆற்றாற் பிழைத்தவனுக்கு ஏற்ற பெயர்தான்!

1650-களில் ஸ்வீடன் படையால் ஊர் எரியுண்டது. பின்னர் வாணிகமும் தேய்ந்தது. புதிய கட்டடம் எழுப்பப் பொருளில்லா வறுமையே பழையவற்றைக் காத்தது போலும். அவ்வழகை நாடி ஓவியர் வந்தனர். இன்று மூவாயிரவர்க்கும் குறைந்தோரே வாழும் அவ்வூரில், விடுமுறை நாட்களில் வார்ஸா நகரத்தார் நிறைகின்றனர். சேவலுருவிற் சுட்ட ரொட்டியை வாங்கிச் செல்கின்றனர். களஞ்சியம் ஒன்று அரும்பொருட்சாலையாயிற்று.

இவ்வளவில் நிறுத்தியிருப்போம், ஒரு படம் நம்மைத் தடுத்தது. இரண்டாம் உலகப்போருக்கு முன் ஊராருட் பாதியளவினர் யூதர். 1942-இல் ஜெர்மானிய நாஜிகள் அவர்களை ஊரினின்றும் அகற்றினர்; பெரும்பாலோர் கொலைமுகாம்களில் மாண்டனர். அதன் முன்னரே அவர்தம் மூதாதையரின் கல்லறைக் கற்களைப் பெயர்த்து, தாம் கைப்பற்றியிருந்த கிறிஸ்தவத் துறவிமடத்தின் முற்றத்திற் பரப்புவித்தனர். எழுத்துள்ள தாளிற் கால்பட்டாற் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கில் வளர்ந்த நமக்கு, பெயர் பொறித்த கற்களை அனுதினமும் மிதித்து நடந்தனரென்பது நெடுநேரம் நெஞ்சைவிட்டு அகலவில்லை. அதுவும் ஜெப வீட்டின் முற்றத்தில்!

போருக்குப்பின் மீட்ட அக்கற்களைக்கொண்டு, ஊர்ப்புறத்தே 1984-இல் ஒரு நெடுஞ்சுவர் எழுப்பினர். உடைந்தவற்றை உடைந்தவாறே பதித்தனர். சுவரின் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு பிளவு விடப்பட்டுள்ளது. அதனூடே செல்வோர், மரங்களிடையே எஞ்சி நிற்கும் கல்லறைகளைக் காண்பர்.